அடிநீர் மீன்கள்: பிடிப்பதும் பேணுவதும்

நம் நாட்டின் உள்நாட்டு மீன்வளத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால் கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய மூன்று பெருங்கெண்டைகளே முதலில் நினைவுக்கு வருகின்றன. 1957ஆம் ஆண்டில் ஒடிசாவிலுள்ள அங்குல் என்னுமிடத்தில் டாக்டர் ஹீராலால் சவுத்ரியும் அவருடைய குழுவினரும் கெண்டை மீன்களுக்கு ஊசி மருந்து செலுத்தி முட்டையிடச் செய்வதில் வெற்றி கண்டனர். அன்று முதல் குஞ்சு உற்பத்தி, இருப்புச் செய்தல், தீவனம், கடனுதவி ஆகிய யாவும் கெண்டைகளை மையமாகக் கொண்டே வளர்ந்து வந்துள்ளன. இது இயல்பானதே. ஆனால் ஒரு நீர்த்தேக்கத்தின் கரையில் விடியற்காலையில் படகுகள் திரும்பும் நேரத்தில் நின்று பார்ப்பவர், கூடைகளில் கெண்டைகளோடு வாளை, கெளுத்தி, ஆரல், விலாங்கு போன்ற மீன்களும் வந்து இறங்குவதைக் காண்பார். இவற்றை எவரும் இருப்புச் செய்வதில்லை. இவற்றுக்குத் தீவனம் இடுவதுமில்லை. இருப்பினும் மீனவரின் அன்றாட வருவாயில் இவற்றுக்குக் கணிசமான பங்குண்டு.

இம்மீன்களைப் பிடிக்கும் முறைகளையும், அம்முறைகளால் எழும் சில சிக்கல்களையும் இக்கட்டுரை ஆராய்கிறது. கெண்டையை மனத்திற்கொண்டு வகுக்கப்பட்ட விதிகள் அடிநீர் மீன்களுக்கு அப்படியே பொருந்துவதில்லை என்பதே இதன் மையக் கருத்து.

அடிநீர் மீன் எது?

நீர்நிலை ஒன்றில் எல்லா மீன்களும் ஒரே மட்டத்தில் இரை தேடுவதில்லை. கட்லா மேல்மட்டத்திலும், ரோகு இடைமட்டத்திலும், மிர்கால் அடிமட்டத்திலும் மேய்கின்றன. கூட்டுமீன் வளர்ப்பின் அடிப்படையே இந்தப் பிரிவினைதான். அடிமட்டத்தில் வாழ்பவற்றை மேலும் இரு கூறாக்கலாம். மிர்கால், கால்பாசு, சாதாக் கெண்டை ஆகியவை சேற்றையும், அதில் படிந்த மட்கிய பொருள்களையும், சிறு புழுக்களையும் உண்பவை. வாளை, கெளுத்தி இனங்கள் அடித்தளத்தை ஒட்டி மறைந்திருந்து பிற உயிர்களை உண்பவை. முதல் வகையின் வாய் சற்றுக் கீழ்நோக்கி அமைந்திருக்கும். இரண்டாம் வகையின் அடையாளம் மீசை.

கெளுத்தியின் மீசை வெறும் அணியன்று. அதில் சுவை உணரும் மொட்டுகள் நிறைந்துள்ளன. கலங்கிய நீரிலும் இருளிலும் கண் பயன்படாத இடத்தில் மீசையே அதற்கு வழிகாட்டி. எனவே இம்மீன்களுள் பல பகலில் பாறையிடுக்குகளிலும் மரவேர்களிடையிலும் ஒதுங்கியிருந்து, இரவில் இரை தேடிப் புறப்படுகின்றன. மாலையில் தூண்டிலிட்டு விடியலில் எடுக்கும் வழக்கம் தோன்றியது இதனால்தான்.

இவ்வழக்கம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. ஐரோப்பா, ஆசியா, வட அமெரிக்கா ஆகிய கண்டங்களின் குளிர்ப் பகுதிகளில் பர்பட் என்றொரு மீன் உண்டு. கடலில் வாழும் காட் மீனின் உறவான இது, நன்னீரையே இருப்பிடமாகக் கொண்டது. மோவாயில் ஒற்றை மீசை உடையது. உறைந்த ஏரிகளின் பனிக்கட்டிக்கு அடியில் கடுங்குளிர்காலத்தில் முட்டையிடுவது. பனிக்கட்டியில் துளையிட்டு, இரை கோத்த தூண்டிலை அடித்தளம் வரை இறக்கி, இரவு முழுவதும் விட்டுவைத்து இதனைப் பிடிக்கின்றனர். நீரின் வெப்பநிலையில் நமக்கும் அவர்களுக்கும் பெரும் வேறுபாடு உண்டெனினும் முறை ஒன்றே.

பர்பட்டின் வரலாற்றில் நாம் கருத்தில் கொள்ளவேண்டிய செய்தி ஒன்றும் உண்டு. இங்கிலாந்தின் கிழக்குப் பகுதி ஆறுகளில் ஒரு காலத்தில் மிகுதியாக இருந்த இம்மீன், அங்கு கடைசியாகப் பிடிபட்டது 1969ஆம் ஆண்டில். சதுப்பு நிலங்கள் வடிக்கப்பட்டதும், ஆறுகள் நேராக்கப்பட்டதும், நீர் மாசுபட்டதும் அதன் அழிவுக்குக் காரணங்களாகக் கூறப்படுகின்றன. மேல்மட்டத்தில் துள்ளி விளையாடும் மீன் குறைந்தால் ஊரார் கண்ணுக்குத் தெரிந்துவிடும். அடித்தளத்தில் மறைந்து வாழும் மீன் குறைவதை மீனவனைத் தவிர வேறெவரும் அறிவதில்லை. மீனவன் சொல்வதையோ நாம் எளிதில் பதிவேட்டில் ஏற்றுவதில்லை.

கருவிகளும் அவற்றின் இயல்பும்

நம் நாட்டில் நீர்த்தேக்கங்களின் மொத்தப் பரப்பு ஏறத்தாழ 30 லட்சம் எக்டேர் எனக் கணக்கிடப்பட்டுள்ளது. அணை கட்டியபோது மூழ்கிய மரங்களின் அடிக்கட்டைகளும், பாறைகளும், பழைய கிணறு, சுவர் ஆகியவற்றின் எச்சங்களும் பல தேக்கங்களின் அடியில் இன்னும் கிடக்கின்றன. இத்தகைய இடத்தில் இழுவலையைப் பயன்படுத்த முயன்றால் வலை கிழிவதுதான் மிச்சம். எனவே நீர்த்தேக்க மீன்பிடிப்பில் செவுள்வலையே முதன்மைக் கருவியாக விளங்குகிறது.

செவுள்வலை நீரில் சுவர்போல் நிற்பது. மேல்கயிற்றில் மிதவைகளும் அடிக்கயிற்றில் குண்டுகளும் கட்டப்பட்டிருக்கும். மிதவையின் தூக்கும் விசை மிகுந்தால் வலை மேல்மட்டத்தில் நிற்கும். குண்டின் எடை மிகுந்தால் அடியில் அமரும். அடிநீர் மீனுக்குப் பின்னதே தேவை. ஆயினும் மிதவையை அறவே குறைத்துவிடலாகாது. வலை எழுந்து நிற்காமல் தரையில் படுத்துவிட்டால் மீன் அதன்மேல் நீந்திச் சென்றுவிடும். குண்டுக்கு ஈயத்தை விடச் சுட்ட களிமண் உருண்டை விலை மலிவு. நீரில் தொலைந்து போனாலும் அதனால் தீங்கில்லை.

கெண்டை மீன் செவுள்வலையில் சிக்கும் விதம் எளிது. தலை கண்ணிக்குள் நுழையும், உடல் நுழையாது, பின்வாங்கினால் செவுள் மூடியில் நூல் மாட்டிக்கொள்ளும். ஆகவே வலைக்கண்ணின் அளவுக்கும் மீனின் சுற்றளவுக்கும் நேரான தொடர்பு உண்டு. கண் பெரிதாயின் சிறு மீன் தப்பிவிடும். வலைக்கண்ணுக்குக் குறைந்தபட்ச அளவு வகுக்கும் விதிகள் யாவும் இந்த உண்மையின் மீதே எழுப்பப்பட்டவை.

கெளுத்தியின் நிலை வேறு. அதன் முதுகுத் துடுப்பிலும் மார்புத் துடுப்புகளிலும் வலுவான முட்கள் உள்ளன. பல இனங்களில் அம்முட்களின் ஓரம் அரம்போல் பற்கள் கொண்டது. அச்சமுற்றவுடன் மீன் இம்முட்களை விறைப்பாக விரித்துக்கொள்கிறது. எதிரியின் வாயிலிருந்து தப்ப உதவும் இந்த ஏற்பாடே வலையில் அதற்குப் பகையாகிறது. உடல் தாராளமாக நுழைந்து செல்லக்கூடிய கண்ணிலும் விரிந்த முள் சிக்கிக்கொள்கிறது. மீன் திமிறத் திமிற நூல் மேலும் சுற்றிக்கொள்கிறது. எனவே பெரிய கண் கொண்ட வலையிலும் இளங்கெளுத்தி அகப்படும். இளங்கெண்டைக்குப் பாதுகாப்பளிக்கும் கண்ணளவு விதி இளங்கெளுத்திக்கு அதே அளவு பாதுகாப்பை அளிப்பதில்லை. கள ஆய்வுக்குச் செல்லும் அலுவலர்கள் வலையை அளவுகோலால் அளந்து சரியெனக் கண்டபின் கூடையையும் ஒருமுறை கிளறிப் பார்ப்பது நல்லது.

வலையைக் கயிற்றில் பூட்டும் விதமும் இங்குக் கவனிக்கத்தக்கது. 100 மீட்டர் நீளத்துக்கு இழுத்து நீட்டக்கூடிய வலையை 50 மீட்டர் கயிற்றில் கோத்தால் தொங்கல் விகிதம் 0.5 ஆகும். அதே வலையை 40 மீட்டர் கயிற்றில் கோத்தால் விகிதம் 0.4. விகிதம் குறையக் குறைய வலை தளர்ந்து தொங்கும். மீனைச் செவுளில் மாட்டுவதைவிடச் சுற்றிப் பிடிக்கும் இயல்பு மிகும். தென்னகத் தேக்கங்களில் ரங்கூன் வலை என வழங்கும் வலை இவ்வாறு சுற்றிப் பிடிக்கும் வகையைச் சார்ந்தது. மீனவர்கள் கணக்குப் போட்டு இதனைக் கண்டறிந்தவரல்லர். ஆயினும் அவர்கள் கையில் வலை எத்துணைத் தளர்ச்சியுடன் தொங்குகிறது என்பதைக் கண்டே எந்த மீனை நாடிச் செல்கின்றனர் என்று சொல்லிவிடலாம்.

நைலான் நூல் பரவலான பின் வலையின் ஆயுள் பெருகியது, பிடிப்பும் பெருகியது. பருத்தி நூல் வலையை அடிக்கடி உலர்த்த வேண்டும், சாயமேற்ற வேண்டும். அப்படியும் விரைவில் மட்கிவிடும். நைலான் மட்குவதில்லை. இந்த நற்பண்பே ஒரு தீமைக்கும் இடமளிக்கிறது. நீரடியிலுள்ள மரக்கட்டையில் சிக்கி அறுந்துபோன அடிவலை யாருக்கும் பயனின்றி நெடுங்காலம் மீனைப் பிடித்துக்கொண்டே இருக்கும். அதில் சிக்கி மாள்பவற்றுள் பெரும்பாலானவை அடிநீர் மீன்களே. புதிய அணைகளில் நீர் தேக்குவதற்கு முன்பே, குறைந்தது சில பகுதிகளிலாவது மரக்கட்டைகளை அகற்றிவிட வேண்டும் என்று மீன்வள நிபுணர்கள் வலியுறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம். அணை கட்டும் துறையும் மீன்வளத் துறையும் முன்கூட்டியே கலந்து பேசாவிடில் இந்த வாய்ப்பு ஒருமுறை நழுவியது நழுவியதுதான்.

தூண்டில்

வலை வாங்க வசதியற்ற மீனவனின் கருவி நெடுந்தூண்டில். ஒரு நீண்ட தாய்க்கயிற்றில் குறிப்பிட்ட இடைவெளியில் சிறு கிளைக்கயிறுகள் கட்டி, ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு முள் பொருத்தப்படும். இருமுனைகளிலும் கல் கட்டி, அடையாளத்துக்கு ஒரு மிதவை விட்டு, அந்தி நேரத்தில் இறக்கி வைகறையில் எடுப்பர். கங்கைச் சமவெளி ஆறுகளிலும், பெரும்பாலான நீர்த்தேக்கங்களிலும் இம்முறை வழக்கில் உள்ளது.

இரையே இங்குத் தெரிவு செய்யும் கருவி. வாளைக்குச் சிறு மீனும் தவளையும் உகந்தவை. நீண்ட மீசையுடைய பெருங்கெளுத்திகளுக்குச் சிறு மீன், இறால், மண்புழு ஆகியவை பயன்படுகின்றன. சேற்றை மேயும் மிர்கால் இந்த இரைகளை நாடுவது அரிது. ஆக, ஒரே அடித்தளத்தில் வாழும் இருவகை மீன்களுள் ஊன் உண்பவற்றை மட்டும் பிரித்தெடுக்க நெடுந்தூண்டில் உதவுகிறது. அடிவலையால் இது இயலாது. முள்ளின் பருமனைக் கூட்டினால் சிறு மீன்களைத் தவிர்க்கவும் முடியும். செலவு குறைவு, தெரிவு மிகுதி; ஆனால் ஒவ்வொரு முள்ளிலும் இரை கோக்கும் வேலை பெரிது. பல குடும்பங்களில் இவ்வேலை பெண்கள், சிறுவர்கள் தலையில் விழுகிறது. மீன்பிடிச் செலவுக் கணக்கில் இந்த உழைப்புக்கு மதிப்பே காட்டப்படுவதில்லை.

கூடும் பொறியும்

வாய்ப்புறம் புனல்போல் குறுகி, உள்ளே சென்ற மீன் வெளியேற முடியாதபடி மூங்கில் சிம்புகளால் பின்னப்பட்ட கூடுகள் நாடெங்கும் உள்ளன. அசாம், மேற்கு வங்கம், பீகார் மாநிலங்களில் இவற்றின் வகைகள் ஏராளம். ஆரல், தேளி, மாகுர் போன்று புதரிலும் சேற்றிலும் ஒதுங்கும் மீன்களுக்கு இவையே ஏற்றவை. பிரம்மபுத்திராவின் கிளை ஏரிகளில் மரக்கிளைகளையும் ஆகாயத்தாமரையையும் ஓரிடத்தில் குவித்து, மீன்கள் அதில் புகலிடம் தேடிச் சேர்ந்தபின் சுற்றிலும் வலையிட்டு வளைத்துப் பிடிக்கின்றனர். தமிழ்நாட்டில் வற்றும் கண்மாய்களில் ஊத்தா என்னும் அடியற்ற கூடையைச் சேற்றில் கவிழ்த்து, மேல்வாய் வழியே கையைவிட்டு மீனை எடுக்கும் முறைக்கும் அசாமின் கவிழ்கூடைக்கும் அமைப்பில் வேறுபாடு மிகச் சிறிதே.

தேளி மீனைக் கையாள்வோர் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். அதன் மார்புத் துடுப்பு முள்ளில் நஞ்சு உண்டு. குத்தினால் கடுவலி ஏற்படும். தாங்கக்கூடிய வெந்நீரில் கையை அமிழ்த்தி வைத்தால் வலி தணியும். தேளிக்கும் மாகுருக்கும் காற்றிலிருந்து நேரடியாக மூச்சு வாங்கும் துணை உறுப்பு உள்ளது. நீர் வற்றிய சேற்றிலும் இவை உயிர் பிழைத்திருப்பதும், உயிருடனேயே சந்தைக்குக் கொண்டு செல்லப்படுவதும் இதனால்தான். பனிக்கட்டி வசதியற்ற சிற்றூர் மீனவனுக்கு இது பெரும் நன்மை.

கூடுகளில் குறை காணவும் இடமுண்டு. மழைக்காலத் தொடக்கத்தில் புதுவெள்ளம் வயல்களில் பாயும்போது முட்டையிடச் செல்லும் தாய் மீன்களையும், வெள்ளம் வடியும்போது ஆற்றுக்குத் திரும்பும் குஞ்சுகளையும் வாய்க்கால் மடையில் வைக்கப்படும் நெருக்கமான கூடு ஒன்றுவிடாமல் பிடித்துவிடுகிறது. கூடு எளிய கருவி என்பதால் அதனால் கேடில்லை எனக் கருதுவது தவறு.

வெடி வைத்தும் நஞ்சு கலந்தும் மீன் பிடிப்பதை 1897ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டமே தடை செய்துள்ளது. அண்மைக் காலங்களில் மின்சாரம் பாய்ச்சிப் பிடிக்கும் கொடுமையும் சேர்ந்துள்ளது. வெடியால் இறந்த மீன்களுள் பல மேலே மிதக்காமல் அடியிலேயே தங்கி வீணாகின்றன என்பதை மட்டும் இங்குக் குறிப்பிடுவது போதும்.

குளத்தில் ஒளியும் மிர்கால்

ஊன் உண்ணாத அடிநீர் மீனும் பிடிப்பவனுக்குத் தொல்லை தருவதுண்டு. கூட்டுமீன் வளர்ப்புக் குளங்களில் கட்லாவும் வெள்ளிக் கெண்டையும் இழுவலைக்கு எளிதில் அகப்படுகின்றன. மிர்காலும் சாதாக் கெண்டையும் அவ்வாறல்ல. வலை நெருங்கும்போது சேற்றில் தலையைப் புதைத்துக்கொண்டு, அடிக்கயிறு மேலேறிக் கடந்து சென்றபின் வெளிப்படுகின்றன. ஒருமுறை தப்பிய மீன் மறுமுறை இன்னும் எளிதாகத் தப்புகிறது. முதல் இழுப்பில் கிடைப்பது அடுத்தடுத்த இழுப்புகளில் கிடைப்பதில்லை.

இதன் விளைவு சிறிதன்று. ஆண்டிறுதியில் விவசாயி கணக்குப் பார்க்கும்போது இருப்புச் செய்த மிர்காலில் ஒரு பகுதி காணப்படாது. மாண்டுவிட்டது என்றோ களவு போயிற்று என்றோ எழுதிக்கொள்கிறார். உண்மையில் அவை குளத்திலேயே இருந்து, அடுத்த ஆண்டு விடப்படும் குஞ்சுகளுக்குரிய உணவைப் பகிர்ந்துகொள்கின்றன. அடிக்கயிற்றின் எடையைக் கூட்டி மெதுவாக இழுப்பது, நீர்மட்டத்தைக் குறைத்த பின் இழுப்பது, ஒரு மூலையில் சில நாள் தவிடு இட்டுப் பழக்கி அங்கு வீச்சுவலை எறிவது ஆகியவை பயன்படும் வழிகள். இயலுமிடத்தில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை குளத்தை முற்றிலும் வடித்துவிடுவதே நிறைவான வழி. அப்போதுதான் கணக்கும் சரியாகும்.

வேண்டாத மீனா?

இப்போது முக்கியமான வினாவுக்கு வருவோம். நீர்த்தேக்க மீன்வளம் பற்றிய பழைய அறிக்கைகளில் வாளையும் பெருங்கெளுத்தியும் பெரும்பாலும் 'ஒழிக்கப்பட வேண்டியவை' என்ற பட்டியலிலேயே இடம்பெற்றன. அரசு பணம் செலவிட்டு விடும் கெண்டைக் குஞ்சுகளை இவை விழுங்கிவிடுகின்றன என்பது காரணம். இதில் உண்மை உண்டு. வாளையின் பெரிய வாயும் அடங்காப் பசியும் யாவரும் அறிந்தவை. 100 மில்லிமீட்டருக்குக் குறையாத நீளமுள்ள குஞ்சுகளையே தேக்கங்களில் விடவேண்டும் என்ற பரிந்துரை தோன்றியதற்கு இத்தகைய மீன்களே காரணம்.

ஆனால் மறுபக்கத்தையும் நோக்க வேண்டும். விலைபோகாத சிறு மீன்களைத் தின்று, விலைமிக்க தசையாக மாற்றுவதும் இவைதான். கெளுத்தியின் தசையில் நுண்முட்கள் குறைவு. எனவே வட இந்தியச் சந்தைகள் பலவற்றில் கெண்டையைவிட அதற்கு மதிப்பு மிகுதி. இமாசலப் பிரதேசத்தில் பியாஸ் நதியின் குறுக்கே 1974ஆம் ஆண்டில் நிறைவுற்ற போங் அணையின் தேக்கத்தை எடுத்துக்கொள்வோம். சிங்காரா என அங்கு வழங்கும் பெருங்கெளுத்தி அத்தேக்கத்தின் முக்கியமான மீன்களுள் ஒன்று. அங்கு மீன் பிடிப்போருள் பலர் பரம்பரை மீனவரல்லர். அணையால் நிலம் இழந்த உழவர்கள். செவுள்வலையைக் கையாளக் கற்றுக்கொண்டு, கூட்டுறவுச் சங்கங்களில் சேர்ந்து இத்தொழிலை மேற்கொண்டவர்கள். நிலத்தை இழந்தவனுக்கு ஒரு கிலோ சிங்காரா என்ன தருகிறது என்பதைக் கணக்கில் கொள்ளாமல், அது எத்தனை கெண்டைக் குஞ்சுகளைத் தின்றது என்பதை மட்டும் கணக்கிடுவது ஒருதலைச் சார்பாகும்.

குளத்தையும் நீர்த்தேக்கத்தையும் ஒன்றெனக் கருதியதே இக்குழப்பத்தின் வேர் என்று தோன்றுகிறது. சிறு குளத்தில் குஞ்சு விடுமுன் ஊன் உண்ணும் மீன்களை அகற்றுவது முறையானதே. அங்கு ஒவ்வொரு மீனும் வளர்ப்பவனின் முதலீடு. 5,000 எக்டேருக்கு மேற்பட்ட பெருந்தேக்கத்தில் ஒழித்தல் என்பது நடவாத செயல். நடந்தாலும் நன்மை ஐயத்துக்குரியது. நடுத்தர, சிறு தேக்கங்களில் இருப்புச் செய்யும் மாதங்களுக்கு முன் நெடுந்தூண்டிலால் வாளையைக் குறைப்பது இரண்டுக்கும் இடைப்பட்ட, கைக்கொள்ளத்தக்க வழி.

இதற்கிடையே நிலைமையும் மாறிவிட்டது. வாளை இன்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் 'அழிவாய்ப்புள்ள' இனமாக இடம்பெற்றுள்ளது. நாட்டு மாகுர் 'அழிவை நோக்கும்' இனங்களுள் சேர்க்கப்பட்டுள்ளது. பீகார் அரசு அதனை மாநில மீனாக ஏற்றுள்ளது. ஒழிக்க வேண்டும் என்று ஒரு தலைமுறை எழுதியதை, காக்க வேண்டும் என்று அடுத்த தலைமுறை எழுதுகிறது.

இனப்பெருக்கப் பருவமும் தடைக்காலமும்

பெருங்கெண்டைகள் பருவமழையின் வெள்ளத்தில் ஆற்றில் ஏறி முட்டையிடுகின்றன. முட்டையிட்டபின் அவற்றுக்கும் குஞ்சுகளுக்கும் தொடர்பில்லை. ஆகவே மழைமாதங்களில் மீன்பிடிப்பைத் தடை செய்தால் கெண்டைக்குப் போதுமான பாதுகாப்புக் கிடைக்கிறது.

பெருங்கெளுத்தியின் வாழ்க்கை இதனின்றும் வேறுபட்டது. ஆழம் குறைந்த பகுதியில், தரையில் தட்டுப் போன்ற பள்ளம் ஒன்றை அமைத்து, அதில் முட்டையிடுகிறது. ஆண் மீன் அப்பள்ளத்தைவிட்டு அகலாது காவல் புரிகிறது. அக்காலத்தில் அதன் வயிற்றுப்புறத் தோல் மென்மையாகிப் பஞ்சுபோல் தடித்து, பால் போன்ற ஒரு பொருளைச் சுரப்பதாகவும், குஞ்சுகள் அதனை உண்பதாகவும் மீனியலார் பதிவு செய்துள்ளனர். மீன் இனத்தில் இத்தகைய பெற்றோர்ப் பேணல் வியப்புக்குரியது.

இதிலிருந்து இரண்டு செய்திகள் பெறப்படுகின்றன. காவல் நிற்கும் ஒரு மீனைப் பிடிப்பது ஒரு மீனின் இழப்பன்று. அதன் குஞ்சுகள் அனைத்தின் இழப்பு. மேலும், இப்பருவம் பல நீர்நிலைகளில் மழைக்கு முன்பே, கோடையிலேயே தொடங்கிவிடுகிறது. மழைமாதங்களுக்கு மட்டும் விதிக்கப்படும் தடை தொடங்குமுன்பே காவல் மீன்கள் அடிவலையில் சிக்கியிருக்கும். கோடையில் பாசனத்துக்கு நீர் திறக்கும்போது மட்டம் விரைவாகத் தாழ்ந்தால் பள்ளங்கள் வெளிப்பட்டு உலர்ந்தும் போகின்றன.

தடைக்காலத்தை நீட்டுவதே தீர்வு என்று கூறிவிடலாம். ஆனால் மீனவனுக்கு ஏற்கெனவே வருவாயற்ற மாதங்கள் உள்ளன. அவற்றை மேலும் கூட்டுவது எளிதன்று, நியாயமும் அன்று. பள்ளங்கள் அமையும் ஆழமற்ற ஓடைமுகங்களை மீனவர்களே நன்கு அறிவர். அவ்விடங்களில் மட்டும், சில வாரங்களுக்கு மட்டும் அடிவலை இடாதிருக்கக் கூட்டுறவுச் சங்கங்கள் தாமே முடிவு செய்வது நடைமுறைக்கு ஏற்றது. தேக்கம் முழுவதும் பிற இடங்களில் தொழில் தொடரும்.

புதிதாக வந்தவை

அடித்தளத்தில் இன்று அந்நியரும் குடியேறியுள்ளனர். 1939ஆம் ஆண்டில் இலங்கையிலிருந்து நீலகிரிக்கும், 1957ஆம் ஆண்டில் பாங்காக்கிலிருந்து கட்டாக்குக்கும் கொண்டுவரப்பட்ட சாதாக் கெண்டை இன்று கங்கையிலும் பரவலாகப் பிடிபடுகிறது. சேற்றைக் கிளறி நீரைக் கலக்கும் பழக்கமுடைய இது, மிர்கால், கால்பாசு ஆகியவற்றின் உணவுக்குப் போட்டி. ஆப்பிரிக்கக் கெளுத்தி முறையான அனுமதியின்றி நுழைந்தது. அதன் வளர்ப்பு தடை செய்யப்பட்டிருந்தும் 'தாய் மாகுர்' என்ற பெயரில் சந்தையில் தலைகாட்டுகிறது. நாட்டு மாகுர் என நம்பி வாங்குவோரும் உளர்.

இவற்றினும் விந்தையானது தென் அமெரிக்காவைச் சேர்ந்த கவசக் கெளுத்தி. கண்ணாடித் தொட்டிகளின் பாசியைத் தின்னும் என்று அலங்கார மீனாக விற்கப்பட்டு, வேண்டாதவர்களால் ஏரிகளில் விடப்பட்டு, இன்று தமிழ்நாடு, ஆந்திரம், மேற்கு வங்கம் எனப் பல மாநில நீர்நிலைகளில் பெருகிவிட்டது. எலும்புத் தகடுகளால் மூடிய அதன் உடல் வலையைக் கிழிக்கிறது. கரையைத் துளைத்து வளை அமைக்கிறது. உண்பாரும் வாங்குவாரும் மிக அரிது. பிடிபட்டதை மீண்டும் நீரில் எறியாமல் கரையில் புதைக்குமாறு மீனவரிடம் சொல்லலாம். கிழிந்த வலைக்கு யார் பொறுப்பு என்று அவர் திருப்பிக் கேட்டால் அதற்கு விடை நம் திட்டங்களில் இன்னும் தெளிவாக இல்லை.

பதிவேட்டில் ஒரு பத்தி

மீன் இறங்குதுறைகளில் பராமரிக்கப்படும் பதிவேடுகளில் கெண்டைகள் இனவாரியாகவும், பிற 'கெளுத்தி வகை' அல்லது 'இதர மீன்கள்' என்ற ஒரே தலைப்பிலும் எழுதப்படும் வழக்கம் உண்டு. வாளை பாதியாகக் குறைந்து, அந்த இடத்தைச் சிறு கெளுத்தி நிரப்பினால் மொத்த எடை மாறாது. பதிவேட்டில் எல்லாம் நலமே எனத் தோன்றும். ஆப்பிரிக்கக் கெளுத்தியும் இதே தலைப்பில் மறைந்துகொள்ளும்.

வாளை, பெருங்கெளுத்தி, மாகுர், அயல்நாட்டு இனம் என நான்கு பத்திகளைப் பிரித்து, எடையோடு எண்ணிக்கையையும் எழுதினாலே சராசரி அளவு ஆண்டுதோறும் சிறுத்து வருகிறதா என்பது புலப்படும். எந்தக் கருவியில் பிடிபட்டது, அடிவலையா, தூண்டிலா, கூடா என்று ஒரு சொல் சேர்த்தால் மேலும் நல்லது. இதற்குத் தனி நிதி தேவையில்லை. எடை போடும் நேரத்தில் கூடையைக் கொட்டிப் பிரிக்கக் கால்மணி நேரம் கூடுதலாகும். அந்நேரத்தில் மீன் கெடாதிருக்க நிழலும் பனிக்கட்டியும் இறங்குதுறையில் இருக்க வேண்டும்.